இலை காய்ஞ்சா போதுமா? மக்காச்சோளம் ஒடிக்கிற நேரம் பத்தி வாசகர் கேள்விகள்

தை பொறந்ததுலேர்ந்து நமக்கு வர்ற கேள்வியில பாதிக்கு மேல மக்காச்சோளந்தான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் புரட்டாசியில மானாவாரியா விதைச்சவங்களுக்கு இப்பதான் கதிர் ஒடிக்கிற நேரம், அதனால எல்லாருக்கும் ஒரே கவலை. இந்த வாட்டி மத்த பயிர் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளியாச்சு, வெங்காயக்காரங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: விதை பாக்கெட்டுல 105 நாள்னு போட்டிருக்கு. எனக்கு இன்னையோட 108 நாள் ஆச்சு. இலையெல்லாம் காய்ஞ்சு சலசலன்னு கிடக்கு. ஆள் கிடைக்கிறப்பவே ஒடிச்சிடலாம்னு நான் சொல்றேன், எங்கப்பா இன்னும் பத்து நாள் போகட்டும்ங்கிறாரு. யார் சொல்றது சரி? (குன்னம் பக்கத்துலேர்ந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, உங்கப்பா பக்கந்தான் சாயுது. ஆனாலும் அவர் சொல்லையும் நம்ப வேணாம், என் சொல்லையும் நம்ப வேணாம், காட்டுக்குள்ள போய் நாலு இடத்துல நாலு கதிரை ஒடிச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வரப்போரத்து கதிரை மட்டும் பாக்காதீங்க, அதுக்கு வெயிலும் காத்தும் கூட கிடைக்கும், எப்பவும் முன்னாடியே காய்ஞ்சிடும்.

முதல்ல ஒண்ணை பிரிச்சு வெச்சுக்கணும். மணி முத்துறது ஒரு வேலை, மணி காயுறது இன்னொரு வேலை. முத்துறதுன்னா செடியிலேர்ந்து மணிக்குள்ள மாவு ஏறி முடியறது. காயுறதுன்னா ஏறின மணியிலேர்ந்து தண்ணி வெளிய போறது. ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கிட்டுதான் நம்மாளுங்க பாதிப்பேரு நஷ்டப்படுறோம், நானும் பட்டிருக்கேன்.

முத்திடுச்சான்னு பாக்க கதிரோட நடுப்பக்கத்துலேர்ந்து ஒரு மணியை பிடுங்குங்க. நுனி மணி எப்பவும் அவசரக்குடுக்கை, மத்ததை விட முன்னாடி முத்திடும், அதை வெச்சு கணக்கு போட்டா ஏமாந்துருவீங்க. பிடுங்கின மணியோட கூர் பக்கம் இருக்குல்ல, சக்கையில ஒட்டியிருந்த அடிப்பக்கம், அதை நகத்தால லேசா சுரண்டுங்க. உள்ளுக்குள்ள கருப்பா, இல்லைன்னா கரும்பழுப்பா ஒரு படலம் தெரிஞ்சா கதை முடிஞ்சுது, செடிக்கும் மணிக்கும் இருந்த குழாயை அது அடைச்சிடுச்சு, இதுக்கு மேல ஒரு கிராம் எடை கூட ஏறாது. வெள்ளையா பச்சையா இருந்தா இன்னும் மாவு ஏறிக்கிட்டிருக்கு, இப்ப ஒடிச்சா சுருங்கின மணிதான் கையில நிக்கும்.

இதுல இன்னொரு அடையாளமும் இருக்கு. மணியோட ஒரு பக்கத்துல முளைக்கருவு குழியா தெரியும், அதுக்கு எதிர்ப்பக்கத்தை பாத்தீங்கன்னா மேல கெட்டி மஞ்சள், கீழ பால் வெள்ளை, நடுவுல ஒரு கோடு. அந்த கோடு தலையில ஆரம்பிச்சு நாளாக நாளாக கீழ இறங்கும். அடி வரைக்கும் இறங்கினப்புறந்தான் கருப்பு விழும். கதிர் நுனியில பட்டு நூல் வெளிய வந்த தேதியை எழுதி வெச்சிருக்கீங்களா? அதுலேர்ந்து சுமாரா 45லேர்ந்து 55 நாள்ல கருப்பு விழுந்துடும், ரகத்தையும் சூட்டையும் பொறுத்து முன்னப்பின்ன இருக்கும். பாக்கெட்டுல போட்ட 105 நாளுங்கிறது இந்த முத்துற கணக்கை ஒட்டித்தான், மூட்டை பிடிக்கிற கணக்கு இல்லை, அங்கதான் பலபேரு தப்பா புரிஞ்சுக்கிறாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கருப்பு விழுற அன்னைக்கு மணியில ஈரம் எவ்வளவு இருக்கும் தெரியுமா, 30லேர்ந்து 35 சதவீதம். யாவாரி கேக்குறது 14. நடுவுல அம்புட்டு தண்ணி இருக்கு, அது வெயில்லயும் காத்துலயுந்தான் போகணும். தை மாசி வெயில்ல நல்ல காத்து அடிச்சா ஒரு நாளைக்கு அரை பாயிண்டுலேர்ந்து ஒரு பாயிண்டு வரைக்கும் (ஒரு பாயிண்டுன்னா ஒரு சதவீத ஈரம்) இறங்கும், மூட்டமா இருந்தா கிட்டத்தட்ட ஒண்ணும் இறங்காது. அப்ப உங்க 108வது நாள்ல மணி இருபத்தி எட்டுலயோ முப்பதுலயோ கூட இருக்கலாம், இலை மட்டும் சலசலன்னு இருக்கும். அதுவும் உங்க பக்கம் மானாவாரி கரிசல், கடைசி மழை சரியா பேயலைன்னா இலை தண்ணியில்லாம கருகியிருக்கும், அதை முத்தினதுன்னு நினைச்சுக்காதீங்க.

கையால ஒடிக்கிறதா இருந்தா ஈரம் இருபத்தஞ்சுக்கு கீழ வந்ததும் ஒடிச்சு, மட்டையை உரிச்சு, கதிராவே களத்துல போட்டு காய வெக்கலாம், அது நல்ல முறைதான். காட்டுப்பன்னி தொல்லை இருந்தா நான் கூட அப்படித்தான் செய்வேன், ராத்திரியில பத்து நாள் காவல் கிடக்க யாரால முடியும். ஆனா களம் இல்லை, ஒடிச்சதும் மிஷின்ல அடிச்சு மூட்டை பிடிச்சு ஏத்திடணும்னா அப்பா சொன்ன பத்து நாளாவது வேணும், ஈரம் இருபத்தி எட்டு முப்பதுல நின்னா அதுக்கு மேலயும் ஆகும்.

கேள்வி: எங்க தோட்டத்துல தண்ணிப் பாய்ச்சல். கருது மட்டை வெளுத்துப்போச்சு, ஆனா இலை இன்னும் பச்சையா இருக்குதுங்க. இது எப்படி? இன்னும் தண்ணி விடலாமுங்களா? (உடுமலை பக்கமிருந்து ஒரு அம்மா)

பதில்: அம்மா, உங்களுக்கு மேல கேட்ட தம்பி கதை அப்படியே தலைகீழ். இப்ப வர்ற வீரிய ஒட்டு ரகத்துல சிலது கடைசி வரைக்கும் இலை பச்சையாவே நிக்கும், மாடு வெச்சிருக்கிறவங்களுக்கு தட்டை தீவனமா ஆகும்னு அப்படி எடுத்த ரகம். இலை பச்சையா இருக்குதேன்னு காத்துக்கிட்டு இருந்தீங்கன்னா கருது காஞ்சு கிளி கொத்தினதுதான் மிச்சம். மணியோட அடியை சுரண்டி பாருங்க, கருப்பு விழுந்திருந்தா தண்ணியை நிறுத்திடுங்க, அதுக்கு மேல விடுற தண்ணி மணிக்கு போகாது, காடு ஈரமா கிடந்து காயுறதைத்தான் தள்ளிப்போடும், மிஷின் உள்ள இறங்கினா சக்கரம் வேற புதையும். கருப்பு விழலைன்னா ஒரு தண்ணி விடலாம். பால் கோடு பாதியில நிக்கிறப்ப தண்ணியை நிறுத்துறது எடையை நாமளே குறைச்சுக்கிற மாதிரி.

கருப்பு விழுந்தப்புறம் கருதுக்கு மேல இருக்குற தலைத்தட்டையை வெட்டி மாட்டுக்கு போடலாம்மா, மணிக்கு ஒரு நட்டமும் இல்லை, கருது மேல வெயிலும் நல்லா விழும்.

கேள்வி: எங்ககிட்ட ஈரம் பாக்குற மீட்டர் கிடையாது. விலை ஆயிரக்கணக்குல சொல்றாங்க. ரெண்டு ஏக்கருக்கு அதை வாங்கி என்ன பண்றது. வீட்டுலயே பாக்க வழி இருக்கா? பல்லால கடிச்சு பாக்குறது எவ்வளவு தூரம் நம்பலாம்? (ஆத்தூர் வாசகி)

பதில்: பல்லை அவ்வளவு லேசா தள்ளிட முடியாது. கடிக்கிறப்ப மெத்துனு பல் இறங்கினா இருபதுக்கு மேல, கஷ்டப்பட்டு இறங்கினா பதினேழு பதினெட்டு, டக்குனு சத்தத்தோட ரெண்டா உடைஞ்சா பதினாலு பக்கம் வந்திருக்கும்னு எங்க பக்கம் பெரியவங்க சொல்லுவாங்க. அனுபவம் உள்ள பல்லுக்கு இது சரியாவே இருக்கும். எனக்கு கடவாப்பல்லு ரெண்டு போனதுலேர்ந்து இந்த மீட்டர் ரிப்பேர்.

கையில அள்ளி குலுக்கினா கலகலன்னு கூழாங்கல்லு மாதிரி சத்தம் வரணும். மூட்டைக்குள்ள கையை விட்டா மணி வழுக்கிக்கிட்டு முழங்கை வரைக்கும் இறங்கணும். ஈரமா இருந்தா கை பாதியிலயே நின்னுடும், உள்ள ஜில்லுனு இருக்கும், ரெண்டு நாள் கட்டி வெச்ச மூட்டைன்னா சூடா இருக்கும். சூடா இருந்தா உடனே பிரிச்சு கொட்டிடுங்க, உள்ள பூஞ்சணம் வேலையை ஆரம்பிச்சாச்சு.

பல்லை விட நம்பகமானது உப்பு பாட்டில். சோத்துக்கு போடுற தூள் உப்பை வெறும் வாணலியில ரெண்டு நிமிஷம் வறுத்து நல்லா ஆற விடுங்க, ஏன்னா உப்புலயே ஈரம் இருந்தா சோதனையே பாழ். நல்லா காஞ்ச கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மணியை போட்டு ரெண்டு மூணு ஸ்பூன் உப்பை போட்டு மூடி ஒரு நிமிஷம் நல்லா குலுக்கி கால் மணி நேரம் அப்படியே வெச்சிடுங்க. கண்ணாடி சுவத்துல உப்பு ஒட்டியிருந்தா ஈரம் 15க்கு மேல, ஒட்டாம கீழயே கிடந்தா 15க்கு கீழ. பதினாலா பன்னண்டான்னு இது சொல்லாது, ஆனா மூட்டை பிடிக்கலாமா வேணாமாங்கிற கேள்விக்கு இது போதும்.

வீட்டுல கேக் சுடுற ஓவனும் கிராம் காட்டுற தராசும் இருந்தா கணக்காவே பாத்துடலாம். 100 கிராம் மணியை மிக்ஸியில ஒரு சுத்து மட்டும் விட்டு உடைச்சுக்கங்க, ரொம்ப நேரம் ஓட்டினா சூட்டுலயே ஈரம் போயிடும். தட்டுல பரப்பி 105 டிகிரியில வெச்சு மணிக்கொரு தடவை எடை போடுங்க. எடை குறையறது எப்ப நிக்குதோ அப்ப முடிஞ்சுது. 82 கிராம்ல நின்னா போன 18 கிராமும் தண்ணி, ஈரம் 18 சதவீதம். நேரமாகும், கரண்டு ஆகும், ஆனா ஒரு தடவை செஞ்சா போதும், ஏன்னு சொல்றேன்.

களத்துல காய வெக்கிற அன்னைக்கு 10 கிலோ மணியை தனியா எடை போட்டு ஒரு பழைய வலையில பரப்பி மத்த மணியோடயே சேர்த்து காய வெச்சுடுங்க. தொடங்கறப்ப ஈரம் 20ன்னு ஓவன் சொல்லியிருந்தா அந்த 10 கிலோவுல 8 கிலோதான் நிஜ மணி, 2 கிலோ தண்ணி. நிஜ மணி குறையாது, தண்ணிதான் போகும். அப்ப அந்த வலை 9 கிலோ 300 கிராம் காட்டுற அன்னைக்கு ஈரம் 14க்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். தெனமும் சாயங்காலம் அந்த வலையை மட்டும் தராசுல வெச்சா போதும், மீட்டர் எதுக்கு.

கேள்வி: என் களத்துல மீட்டர் 14 காட்டுச்சு, யாவாரி கிட்ட போனா 16ங்கிறாரு. மீட்டரை திருகி வெச்சிருக்காங்களா? ஈரத்துக்காக எடையில கழிவு எவ்வளவு போடலாம்? (துறையூர் வாசகர்)

பதில்: திருகுறவங்க உலகத்துல இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதே கேள்வியை நானும் ஒரு யாவாரி கிட்ட சத்தம் போட்டு கேட்டு அசிங்கப்பட்டிருக்கேன். சில வருஷம் முன்னாடி, மத்தியானம் ரெண்டு மணி, களத்துல மணி கொதிக்குது, அள்ளி மீட்டர்ல போட்டேன், 14. சந்தோஷமா மூட்டை பிடிச்சு மறுநாள் காலையில கொண்டு போனேன், அவர் மீட்டர்ல 16.2. நான் குதிச்சேன். அவர் ஒண்ணும் பேசாம என் மீட்டரையே வாங்கி அதே மூட்டையிலேர்ந்து ஒரு கை அள்ளி போட்டார், அதுவும் பதினாறுதான் காட்டுச்சு.

என்ன நடந்துச்சுன்னா, வெயில்ல காயுறப்ப மணியோட தோல் முதல்ல காயும், நடுவுல ஈரம் அப்படியே இருக்கும். மீட்டர் பெரும்பாலும் மேல இருக்குற ஈரத்தைத்தான் புடிக்குது, மணி சூடா இருந்தா அதுலயும் குழம்பும். ராத்திரி மூட்டைக்குள்ள கிடக்குறப்ப உள்ள இருக்குற ஈரம் மெதுவா வெளிய வந்து சமமாயிடும், மறுநாள் நிஜமான ஈரம் தெரியும். அதனால களத்துலேர்ந்து அள்ளின மணியை ஒரு பாலித்தீன் கவர்ல இறுக்கி கட்டி நிழல்ல அரை நாளாவது வெச்சு, ஆறினப்புறம் பாருங்க. மீட்டர்ல மக்காச்சோளம்னு பட்டனை வெச்சீங்களா, போன வாட்டி பாத்த நெல்லுலயே நிக்குதான்னும் பாத்துக்கங்க, இதுலயும் ஏமாந்தவங்க உண்டு. ஒரே மூட்டையில மேலாப்புல அள்ளாம நாலஞ்சு மூட்டையில நடுவுலேர்ந்து எடுத்து கலந்து பாருங்க.

கழிவு கணக்குக்கு வருவோம். 20 ஈரத்துல 100 கிலோ வெச்சிருக்கீங்க. நிஜ மணி 80 கிலோ. அதை 14க்கு காய வெச்சா 93 கிலோ. அப்ப 6 பாயிண்டுக்கு 7 கிலோ போச்சு, பாயிண்டுக்கு சுமார் 1 கிலோ 160 கிராம். ஒரு பாயிண்டுக்கு ஒரு கிலோ கழிச்சா உங்களுக்கு லாபந்தான், சண்டை போடாதீங்க. ஒண்ணரை, ரெண்டு கிலோன்னு போனா அதுல தண்ணிக்கு மேல அவரோட காய வெக்கிற கூலியும் மிச்சமும் சேர்ந்திருக்கு, அங்க பேரம் பேசுங்க. எதுவா இருந்தாலும் வண்டி ஏத்துறதுக்கு முன்னாடியே ஒரு பாயிண்டுக்கு எவ்வளவுன்னு கேட்டு முடிச்சுக்கணும், இறக்கினப்புறம் பேசுற பேச்சுக்கு மரியாதை கிடையாது. பக்கத்துல ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருந்தா அங்க ஒரு தடவை ஈரம் பாத்துட்டு போங்க, பல இடத்துல களமும் உண்டு.

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன். பயந்துக்கிட்டு 10 வரைக்கும் காய வெச்சு கொண்டு போற புண்ணியவானுங்க இருக்காங்க. 14ல 100 கிலோவா இருந்தது 10ல தொண்ணூத்தி அஞ்சரை கிலோதான். யாவாரி அதுக்கு கூட விலை குடுக்க மாட்டார். 50 குவிண்டால் வெச்சிருக்கிறவருக்கு ரெண்டு குவிண்டாலுக்கு மேல போச்சு, 2025-26க்கு மத்திய அரசு அறிவிச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபா, அந்த கணக்குல பாத்தா கூட 5,300 ரூபா காத்துல போயிடுச்சு. ஈரமா வித்தா கழிவு, அதிகமா காய வெச்சா சொந்தக் கழிவு.

கேள்வி: ஆடியில விதைச்சது ஐப்பசி மழையில மாட்டிக்கிச்சு. கதிர்லயே முளை விட்டிருக்கு, சிலதுல பச்சையா பூஞ்சணம். பொறுக்கிட்டு விக்கலாமா, மாட்டுக்கு போடலாமா? (கள்ளக்குறிச்சி மாவட்ட வாசகர்)

பதில்: கஷ்டமா இருக்குண்ணே. வடகிழக்கு பருவமழையில மாட்டுற மக்காச்சோளத்துக்கு வைத்தியம் கம்மி, நேரம் பாத்து எடுக்குறதுதான் வழி. முத்தி கருப்பு விழுந்திருந்தா மழை வரும்னு தெரிஞ்ச உடனே, ஈரம் முப்பதா இருந்தாலும் ஒடிச்சு கொண்டு வந்துடணும், காட்டுல நனையுறதை விட கொட்டகையில கதிரா தொங்குறது எவ்வளவோ மேல். மிஷின்ல மட்டும் அந்த ஈரத்துல அடிக்காதீங்க.

காட்டுல நிக்கிற கதிரை கவனிச்சிருக்கீங்களா, சிலது காயுறப்ப தலைகீழா தொங்கிடும், சிலது கடைசி வரைக்கும் வானத்தை பாத்துக்கிட்டு நிக்கும். தொங்குற கதிர்ல மழை வழிஞ்சு ஓடிடும். நிமிந்து நிக்கிறதுல மட்டை ஒரு குடுவை மாதிரி தண்ணியை பிடிச்சு வெச்சுக்கும், அதுலதான் முதல்ல முளையும் பூஞ்சணமும். மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் சின்ன விவசாயிங்க முத்தின உடனே ஒவ்வொரு செடியா கதிருக்கு கீழ மடக்கி விட்டுடுவாங்க, கதிர் தலைகீழா தொங்கி மழையில நனையாம நின்னபடியே காயும். ரெண்டு ஏக்கருக்குள்ள இருந்தா ஆள் வெச்சு நாமளும் செய்யலாம், ஆனா கருப்பு விழுந்தப்புறந்தான், முன்னாடியே மடக்கினா மாவு ஏறுறது நின்னுடும்.

பச்சையா, மஞ்சப்பச்சையா தூளு மாதிரி இருக்குற பூஞ்சணம் ஆபத்தானது, அஃப்ளாடாக்சின்னு நஞ்சு உண்டாக்குற பூஞ்சணம் அந்த நிறத்துலதான் இருக்கும். நாமக்கல் கோழித் தீவனக்காரங்க இதுக்குத்தான் சாம்பிள் எடுத்து சோதிக்கிறாங்க, கோழிக்கு ஈரல் போயிடும், முட்டை குறையும். கறவை மாட்டுக்கு போட்டா அதோட மிச்சம் பால்லயே வரும், அந்த பாலை குடிக்கிறது நம்ம வீட்டு புள்ளைங்கதான். படைப்புழு நுனியில கடிச்ச கதிரா இருந்தா இன்னும் கவனம், 2018ல அந்த புழு நம்ம நாட்டுக்குள்ள வந்ததுலேர்ந்து நுனி ஓட்டை விழுந்த கதிர் ஜாஸ்தி, அந்த ஓட்டை வழியாத்தான் பூஞ்சணம் உள்ள போகுது. அப்படி பூத்த கதிரை எல்லாம் தனியா எடுத்து குழியில போட்டு மூடிடுங்க. கழுவினாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. முளை மட்டும் விட்டு பூஞ்சணம் இல்லாததை நல்லா காய வெச்சு தனி மூட்டையா, முளை விட்டதுன்னு சொல்லியே வித்துடுங்க, விலை குறைச்சுத்தான் கேப்பாங்க. நல்ல சரக்கோட கலந்தீங்கன்னா மொத்தத்துக்கும் அந்த விலைதான் விழும்.

கேள்வி: அறுவடை மிஷின் விடுறதா இருக்கோம். எந்த ஈரத்துல விடணும்? உடைஞ்ச மணி நிறைய வருதுன்னு போன வருஷம் யாவாரி தள்ளி எடுத்தார். (விளாத்திகுளம் வாசகர்)

பதில்: பதினெட்டுலேர்ந்து இருபதுக்குள்ள இருக்குறப்ப விடுங்க. இருபதுக்கு ரொம்ப மேல இருந்தா மணி மெதுவா இருக்கும், உருளையில அடிபட்டு நசுங்கும், அடியில சக்கைத் தோலும் ஒட்டிக்கிட்டு வரும். பதினஞ்சுக்கு கீழ போற வரைக்கும் விட்டா தட்டை காய்ஞ்சு மொறமொறன்னு ஆகி மிஷின் மூக்கு பட்டதுமே கதிர் கீழ விழும், காஞ்ச மணியும் அடி தாங்காம கீறும். உங்க கரிசக்காட்டுல கீழ விழுந்தது வெடிப்புக்குள்ள போச்சுன்னா அடுத்த மழையில முளைக்கிறப்பதான் பாப்பீங்க.

கையில ஒரு சோதனை இருக்கு. ஒரு கதிரை ரெண்டு கையாலயும் முறுக்குங்க. மணி சக்கையை விட்டு சுலபமா, அடி சுத்தமா உதிர்ந்தா மிஷினுக்கு தயார். பிசுபிசுன்னு சக்கையோட நார் ஒட்டிக்கிட்டு வந்தா இன்னும் நாலு நாள் விடுங்க. உடைஞ்ச மணி பாதிக்குப்பாதி மிஷின் ஓட்டுறவர் கையிலதான் இருக்கு, உருளை வேகத்தை குறைக்க சொல்லுங்க, மணிக்கணக்குல வாடகைன்னா அவருக்கு அவசரம் இல்லை, ஏக்கர் கணக்குன்னா பறப்பார். முதல் ரெண்டு சால் ஓட்டினதும் நிறுத்தி டேங்குல கையை விட்டு அள்ளி பாருங்க, அப்புறம் மீதி காடு. காலையில பனி காயுற வரைக்கும் மிஷினை காட்டுக்குள்ள விடாதீங்க.

கேள்வி: சீக்கிரம் காயணும்னா களைக்கொல்லி அடிச்சு செடியை கருக்கிடலாம்னு கடையில சொல்றாங்க, செய்யலாமா?

பதில்: வேணாம். மருந்து அடிச்சா இலை ரெண்டு நாள்ல கருகும், பாக்க காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஆனா கதிருக்குள்ள மட்டைக்கு அடியில இருக்குற மணிக்கு மருந்து ஒண்ணும் பண்ணாது, அது வெயில் காத்துக்குத்தான் காயும். கருப்பு விழுறதுக்கு முன்னாடி அடிச்சா எடை போச்சு, விழுந்தப்புறம் அடிச்சா காசு போச்சு. மருந்து அடிச்ச தட்டையை மாட்டுக்கும் போட முடியாது. கடையில அவர் சொன்னது பாராகுவாட்டா இருந்தா இன்னும் பயங்கரம், தப்பித்தவறி உள்ள போனா முறிவு மருந்தே கிடையாது.

கேள்வி: நாலு கறவை மாடு இருக்கு. மணிக்காக இல்லாம முழுச்செடியா வெட்டி நறுக்கி, குழியில அமுக்கி ஊறுகாய்த் தீவனமா சைலேஜ் போடணும்னா எப்ப வெட்டுறது?

பதில்: உங்களுக்கு காயுற வரைக்கும் காத்திருக்கவே கூடாது. மேல சொன்ன பால் கோடு மணியோட பாதியிலேர்ந்து மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் இறங்கினப்ப வெட்டிடணும், அப்ப மொத்த செடியில ஈரம் 65லேர்ந்து 70 சதவீதம் இருக்கும். நறுக்கினதை கையில பந்தா பிடிச்சு இறுக்கி விடுங்க. தண்ணி சொட்டினா இன்னும் பச்சை, ரெண்டு மூணு நாள் போகட்டும். விட்டதும் பொலபொலன்னு உதிர்ந்தா காய விட்டுட்டீங்க, குழியில அமுக்கினாலும் காத்து நிக்கும், பூஞ்சணம் பூக்கும். பந்து மெதுவா விரிஞ்சா, கை ஈரமா மட்டும் இருந்தா அதுதான் பக்குவம்.

கேள்வி: வீட்டு நாட்டுக்கோழிக்கு ஒரு வருஷத்துக்கு மூணு மூட்டை வெக்கணும். 14 போதுமா?

பதில்: விக்கிறதுக்கு 14, வெக்கிறதுக்கு 12. மேல சொன்ன பத்து கிலோ வலை கணக்குலயே பாத்துக்கலாம், 14ல 9 கிலோ 300 கிராம் இருந்தது 12ல 9 கிலோ 90 கிராம் காட்டும். களத்துல ரெண்டு விரக்கடை கனத்துக்கு மேல பரப்பாதீங்க, மணிக்கொரு தடவை கிளறி விடுங்க, சாயங்காலம் பனி விழுறதுக்கு முன்னாடி கூட்டி தார்ப்பாய் போட்டு மூடுங்க, விடிஞ்சு தார்ப்பாய்ல முத்து முத்தா நிக்கிற பனியை உதறிட்டு பிரிங்க. உடைஞ்ச மணியையும் தூசியையும் புடைச்சு எடுத்துடுங்க, வண்டு முதல்ல அதைத்தான் தேடி வரும், கோழிக்கு அதை முதல் வாரமே போட்டு தீத்துடுங்க. மூட்டையை சிமெண்ட் தரையில நேரா வெக்காம கட்டை போட்டு அடுக்குங்க, சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி. மாசத்துக்கு ஒரு தடவை கையை விட்டு பாருங்க, சூடு தட்டினா அன்னைக்கே களத்துல கொட்டிடுங்க.